விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவருக்கு: முதல் மூன்று வருடத்துக் கணக்கு

காரைக்குடியில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். முப்பத்திரண்டு வயதில் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டில் நான்தான் முதல் ஆள். அதற்கப்புறம் மூன்று வருடம் நான் அடித்த கூத்தை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. மூன்று சபை மாறினேன், பெயரை மாற்றினேன், கடன் வாங்கிக் காணிக்கை போட்டேன், பெற்ற தாயிடம் பேய் பிசாசு என்று பேசினேன். அத்தனையும் ஆவிக்குரிய வளர்ச்சி என்று நம்பிக்கொண்டும் இருந்தேன்.

போன மாதம் தேவகோட்டையிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். "அண்ணே, நான் வளர்றேனா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று கேட்டான். ஞானஸ்நானம் எடுத்து ஏழு மாதம்தான் ஆகிறது அவனுக்கு. அவனிடம் சொன்னதைத்தான் இங்கே வரிசைப்படுத்தி எழுதுகிறேன். நீங்களும் அதே நிலையில் இருந்தால் என் செலவில் கற்றுக்கொள்ளுங்கள்.

1. எதை வைத்து அளப்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் முதிர்ச்சி பெற்றவர்களுக்கு "தேறினவர்கள்" என்று ஒரு சொல் வருகிறது. பரீட்சையில் தேறுகிறோமே, அந்தத் தேறுதல். எபிரெயர் 5-ஆம் அதிகாரத்தின் கடைசி வசனங்களைப் படியுங்கள். பால் குடிக்கிற குழந்தை ஒரு பக்கம், பலமான ஆகாரம் சாப்பிடுகிற பெரியவர் ஒரு பக்கம். அந்தப் பெரியவருக்கு அங்கே சொல்லப்படும் அடையாளம், நன்மை எது தீமை எது என்று பிரித்துப் பார்க்கப் பழகிய புலன்கள். "பயிற்சியினால்" என்று இருக்கிறது. அதாவது பழக்கத்தில் வருவது. சைக்கிள் ஓட்டுகிற மாதிரி, விழுந்து விழுந்துதான் வரும்.

இங்கேதான் முதல் பொறி. கொரிந்து சபைக்கு எந்த வரத்திலும் குறைவில்லை என்று பவுல் முதல் அதிகாரத்தில் எழுதுகிறார். மூன்றாம் அதிகாரத்தில் அதே ஆட்களைக் குழந்தைகள் என்கிறார். காரணம், அவர்களுக்குள் பொறாமையும் வாக்குவாதமும் இருந்தது. நன்றாகப் பாடுகிறவர், மணிக்கணக்காக ஜெபிக்கிறவர், அந்நிய பாஷை பேசுகிறவர் எல்லாரும் தேறினவர்கள் என்று நான் நினைத்தது எவ்வளவு தப்பு என்று அங்கேதான் புரிந்தது.

கலாத்தியர் 5-இல் ஆவியின் கனி ஒன்பது சொல்லப்படுகிறது: அன்பு, சந்தோஷம், சமாதானம், நீடிய பொறுமை, தயவு, நற்குணம், விசுவாசம், சாந்தம், இச்சையடக்கம். ஒன்றையாவது மேடையில் வைத்துக் கண்டுபிடிக்க முடியுமா? சாயங்காலம் மதுரை பஸ்ஸில் சீட்டுக்குத் துண்டு போடும்போது கண்டுபிடித்துவிடலாம்.

எவ்வளவு காலம் ஆகும்? தமஸ்குவில் மனம் திரும்பிய பவுல் அரபிதேசத்துக்குப் போய், திரும்பத் தமஸ்குவுக்கு வந்து, மூன்று வருடம் கழித்துத்தான் பேதுருவைக் காண எருசலேமுக்குப் போனதாகக் கலாத்தியர் முதல் அதிகாரத்தில் அவரே எழுதுகிறார். பவுலுக்கே அப்படி என்றால் நாமும் மூன்று வருடம் ஒதுக்கி வைப்பதுதான் மரியாதை. அதற்குள் முதிர்ந்துவிடுவோம் என்பதில்லை. அடித்தளம் போட்டு முடிக்க அவ்வளவு நாள் வேண்டும்.

2. ஒரு சபையில் உட்காருங்கள்

காரைக்குடியைச் சுற்றி மூன்று வகை உண்டு. கத்தோலிக்கப் பங்குகள் சிவகங்கை மறைமாவட்டத்தின் கீழ் வரும். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகள் மதுரை-ராமநாதபுரம் திருமண்டலத்தில் வரும். மூன்றாவது, பெந்தெகொஸ்தே சபைகளும் தனிச் சபைகளும். எது சரி என்று நான் இங்கே தீர்ப்புச் சொல்லப்போவதில்லை. நான் கடைசியில் சி.எஸ்.ஐ.யில் உட்கார்ந்தேன், அவ்வளவுதான்.

சேருவதற்கு முன் மூன்று விஷயம் விசாரியுங்கள். காணிக்கைக் கணக்கை வருடத்துக்கு ஒரு முறையாவது சபையார் முன்னால் வாசிக்கிறார்களா? போதகரைக் கேள்வி கேட்க அவருக்கு மேலே ஒரு ஆளோ குழுவோ இருக்கிறதா? சபையை விட்டுப் போனவர்களைப் பற்றி எப்படிப் பேசுகிறார்கள்? மூன்றாவது கேள்வியை நான் கேட்காமல் விட்டேன். நான் முதலில் போன ஜெபக் குழுவில், விலகிப் போனவர்களைப் பெயர் சொல்லிச் சபிப்பது வழக்கம். நானும் விலகினேன். என் பெயரும் அந்தப் பட்டியலில் ஏறியது.

சேர்ந்த பிறகு குறைந்தது ஒரு வருடம் நகராதீர்கள். பாட்டு பிடிக்கவில்லை, பிரசங்கம் நீளம், பக்கத்தில் உட்காருகிறவர் பேசமாட்டேன் என்கிறார் என்பதெல்லாம் போவதற்குக் காரணம் ஆகாது. பிடிக்காத ஆட்களோடு உட்காரப் பழகாமல் நீடிய பொறுமையை எங்கே போய்ப் படிப்பது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். மற்ற சபைக்காரர்களைத் தாழ்த்திப் பேசும் வியாதி புதியவர்களுக்குச் சீக்கிரம் தொற்றும். கத்தோலிக்க நண்பர் ஒருவர் என்னை ஓரியூருக்கு அழைத்துப் போனார். 1693-இல் இயேசு சபைத் துறவி அருளானந்தர் தலை வெட்டப்பட்ட இடம் அது. போகிற வழியெல்லாம் புனிதர் வணக்கம் தப்பு என்று பஸ்ஸில் அவருக்கு வகுப்பெடுத்தேன். அவர் ஒரு வார்த்தை மறுத்துப் பேசவில்லை. இறங்கியதும் டீ வாங்கிக் கொடுத்தார். விசுவாசத்துக்காக உயிரை விட்டவர் மண்ணில் நின்றுகொண்டு, பஸ்ஸில் வாயை அடக்க முடியாத நான் எதைப் பெரிதாகக் கிழித்துவிட்டேன் என்று யோசிக்க எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

3. ஞானஸ்நானமும் காகிதங்களும்

காலம் சபைக்குச் சபை மாறும். கத்தோலிக்கத் திருச்சபையில் பெரியவர்களுக்குப் பல மாதம் மறைக்கல்வி நடக்கும். வழக்கமாக ஈஸ்டருக்கு முந்தைய இரவுத் திருவிழிப்பில் திருமுழுக்கு, உறுதிபூசுதல், நற்கருணை மூன்றையும் சேர்த்தே கொடுப்பார்கள். சி.எஸ்.ஐ.யில் ஞானஸ்நானம் உள்ளூர்ப் போதகர் கொடுப்பார், சபையின் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தலுக்குப் பேராயர் வரும் நாள்வரை காத்திருக்க வேண்டும். சில தனிச் சபைகளில் இந்த வாரம் கை தூக்கினால் அடுத்த வாரம் தண்ணீரில் இறக்கிவிடுவார்கள். அவசரப்படுத்தினால் "ஐயா, மூணு மாசம் படிச்சிட்டு எடுக்கிறேன்" என்று சொல்லத் தயங்காதீர்கள். கோபுரம் கட்டுகிறவன் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று லூக்கா 14-இல் கேட்பது இயேசுவேதான்.

ஞானஸ்நானத்துக்குக் கட்டணம் கிடையாது. யாராவது தொகை சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். மனமிருந்தால் காணிக்கை போடுங்கள், அது வேறு.

சான்றிதழை அதே வாரத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, ஞானஸ்நானத் தேதி, சபைப் பதிவேட்டு எண், போதகர் கையெழுத்து, முத்திரை எல்லாம் இருக்கிறதா என்று அங்கேயே சரிபாருங்கள். எனக்கு முதலில் கிடைத்தது வெறும் லெட்டர்பேடில் எழுதியது. பதிவேட்டு எண்ணே இல்லை, ஏனென்றால் அங்கே பதிவேடே இல்லை. பிறகு சி.எஸ்.ஐ.யில் சேரும்போது, அன்று கூட இருந்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்துச் சாட்சிக் கடிதம் வாங்க வேண்டியதாயிற்று. இந்தச் சான்றிதழ் எதற்கு உதவும் என்றால், ஆலயத்தில் திருமணத்துக்குக் கேட்பார்கள், சபை மாறும்போது கேட்பார்கள், கடைசியில் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்கும்போதும் கேட்பார்கள். இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, போனிலும் ஒரு படம் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் மாற்றம். தயவுசெய்து அவசரப்படாதீர்கள். ஞானஸ்நானம் எடுக்கப் பெயர் மாற்ற வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. நான் உற்சாகத்தில் மாற்றினேன். அரசிதழில் அறிவிப்பு, அதை வைத்து ஆதார், அதை வைத்து பான், அப்புறம் வங்கி, ரேஷன் கார்டு, கடைசியாக வருங்கால வைப்பு நிதி. வரிசை தவறி பானுக்கு முதலில் போட்டதால் ஆதாரோடு பெயர் பொருந்தாமல் திரும்பி வந்தது. எட்டு மாதமும் சுமார் நாலாயிரம் ரூபாயும் கரைந்தன. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் திருத்தலாம் என்பதும் பிறகுதான் தெரிந்தது. இத்தனைக்கும் ஊரில் இன்னும் எல்லாரும் பழைய பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். என் ஆத்தாவுக்குப் புதுப் பெயர் வாயில் நுழையவே இல்லை.

சாதிச் சான்றிதழ் விஷயத்தை யாரும் முன்கூட்டிச் சொல்லமாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதித் தகுதி இந்து, சீக்கியர், பௌத்தர் ஆகியோருக்கு மட்டுமே. அங்கிருந்து கிறிஸ்தவராகிறவர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருவார். ஞானஸ்நானம் எடுத்துவிட்டு, வேலைக்காக மட்டும் இந்து என்று சொல்லிக்கொள்வதை உச்ச நீதிமன்றம் 2024 நவம்பரில் ஏற்க மறுத்தது. இந்தச் சட்டம் நியாயமில்லை என்பது என் கருத்து. மதம் மாறியவுடன் ஊர் எந்தத் தெருவையும் மாற்றிக் கொடுப்பதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஒரு ஆளாகவும் தாலுகா ஆபீசில் வேறு ஆளாகவும் இருந்து ஒருவன் உள்ளுக்குள் அரிபட்டுப்போவதையும் பார்த்திருக்கிறேன். பிள்ளைகள் படிப்பு, வேலை எல்லாவற்றையும் வீட்டாரோடு உட்கார்ந்து பேசி, தெரிந்தே முடிவெடுங்கள். தண்ணீரில் இறங்குவதற்கு முந்தியே பேசுங்கள்.

4. வாசிப்பு: சின்ன அளவு, தினமும்

நான் ஜனவரி ஒன்றாம் தேதி ஆதியாகமத்தில் தொடங்கி, மாசி பிறப்பதற்குள் லேவியராகமத்தில் மாட்டிக்கொண்ட ஆள். அதுவும் மூன்று வருடம் தொடர்ந்து. பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். புதிய ஏற்பாட்டில் 260 அதிகாரம். வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு ஒன்று என்றால் சரியாக 52 வாரம். சனி ஞாயிறு விடுபட்டதைப் பிடிக்க. இதுதான் முதல் வருடம். இரண்டாம் வருடம் ஆதியாகமம் 50, சங்கீதம் 150, நீதிமொழிகள் 31. மூன்றாம் வருடம் மிச்சம் எல்லாம். நாளுக்கு மூன்று அதிகாரம் வரும், அதற்குள் பழகியிருப்பீர்கள்.

வேதாகமம் வாங்கும்போது ஒன்று கவனியுங்கள். சீர்திருத்தச் சபைகளில் 66 புத்தகம், கத்தோலிக்கத் திருவிவிலியத்தில் 73. ஆலயத்தில் வாசிப்பது எதுவோ அதை வாங்கினால் கூடச் சேர்ந்து வாசிக்கலாம். தோல் உறை, பொன் விளிம்பு எல்லாம் எதற்கு? சாதா அட்டைப் பதிப்பு சில நூறு ரூபாய்தான். கூடவே ஒரு நோட்டு. தினம் இரண்டு வரி: படித்ததில் என்ன புரிந்தது, இன்று என்ன செய்யப்போகிறேன். இரண்டாவது வரி இல்லாமல் முதல் வரியை எழுதாதீர்கள். நான் அப்படி எழுதி நிரப்பிய நோட்டுகள் பரணில் கிடக்கின்றன, எலிக்கு உபயோகம்.

5. பழைய பாக்கியைத் தீருங்கள்

இதைப் பற்றி எந்தக் கூட்டத்திலும் எனக்கு யாரும் சொல்லவில்லை. வளர்ச்சி என்று ஒன்று எனக்குள் தொடங்கியது இங்கேதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

என் தகப்பனார் ஒரு நகரத்தார் வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். சிட்டை, பேரேடு, வருடக் கடைசியில் மொத்தக் கணக்கையும் முடித்துப் போடும் ஐந்தொகை என்று சின்ன வயதிலேயே எனக்குச் சொல்லிக் கொடுத்தார். "பாக்கியை மறைச்சு ஐந்தொகை போட்டா, அது கணக்கு இல்லை, கதை" என்பார். அவர் பிள்ளையான நான் கடையில் லாரி வாடகைச் சீட்டுகளில் நூறு இருநூறு கூட்டி எழுதிக்கொண்டிருந்தேன், மனம் திரும்புவதற்கு முன்னால் நாலைந்து வருடம். மனம் திரும்பிய பிறகு நிறுத்திவிட்டேன். மேடையேறி "நான் பாவியாயிருந்தேன்" என்று சாட்சியும் சொன்னேன். எடுத்த பணத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

மூன்றாம் வருடம் லேவியராகமம் ஆறாம் அதிகாரத்தைத் தாண்ட முடியாமல் உட்கார்ந்துவிட்டேன். பிறனிடம் வஞ்சித்து எடுத்ததை முதலோடு ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி உடையவனுக்கே கொடு, அப்புறம் பலி செலுத்து என்று அங்கே இருக்கிறது. லூக்கா 19-இல் வரி வசூலிக்கிற சகேயு நாலு மடங்கு கொடுக்கிறேன் என்கிறான். சரி, நமக்கு நாலு மடங்கு முடியாது, ஐந்தில் ஒன்றாவது முடியுமே என்று பழைய சீட்டுகளை எடுத்துக் கூட்டினேன். 18,400 ரூபாய் வந்தது. அதில் ஐந்தில் ஒன்று 3,680. மொத்தம் 22,080.

முதலாளியிடம் போய்ச் சொன்னேன். அவர் கிறிஸ்தவர் இல்லை. வெகு நேரம் என்னையே பார்த்தார். "உங்க அப்பாவுக்காக ஒன்னைப் போலீஸுக்குச் சொல்லாம விடுறேன்" என்றார். மாதம் இரண்டாயிரமாகச் சம்பளத்தில் பிடித்தோம், பத்து மாதம். பதினோராம் மாதம் 2,080. அந்தத் தொகையைப் பேரேட்டில் "பழைய பாக்கி வரவு" என்று என்னையே எழுதச் சொன்னார். வாடகைச் சீட்டு எழுதும் வேலையை ஆறு மாதம் வேறு ஆளிடம் கொடுத்தார். கடைப் பையன்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அல்லேலூயா சொல்லும்படியாக அதில் ஒன்றும் நடக்கவில்லை. அவமானமாகத்தான் இருந்தது.

நீங்கள் செய்யும்போது கவனிக்க வேண்டியவை: தொகையை முதலில் காகிதத்தில் கூட்டுங்கள், மனக்கணக்கு குறைத்துக் காட்டும். யாரிடம் எடுத்தீர்களோ அவரிடமே கொடுங்கள். கோயில் உண்டியலிலோ காணிக்கைப் பையிலோ போட்டால் கடன் தீராது. வழக்காக மாறக்கூடிய விஷயம் என்றால் முதலில் ஒரு வக்கீலிடமும் நம்பிக்கையான மூத்தவர் ஒருவரிடமும் பேசுங்கள். உங்கள் உண்மையால் மூன்றாவது ஆள் ஒருவரின் மானம் போகும் என்றால் இன்னும் நிதானம் வேண்டும். மன்னித்துவிடுவார்கள் என்ற எதிர்பார்ப்போடு போகாதீர்கள். மாதத் தவணை என்றால் ஒரு மாதமும் தவறாதீர்கள்.

6. காணிக்கை: எவ்வளவு, எப்போது

இந்தப் பக்கத்து வியாபாரிகளுக்கு மகமை என்றால் விளக்க வேண்டியதில்லை. வருமானத்தில் ஒரு பங்கைத் தர்மத்துக்கென்று முதலிலேயே எடுத்து வைப்பது. தசமபாகத்தையும் அப்படிப் பார்த்தால் எளிது. பத்தில் ஒன்று என்பது பழைய ஏற்பாட்டு அளவு. புதிய ஏற்பாட்டில் 2 கொரிந்தியர் 9-இல் அவனவன் மனதில் நியமித்தபடி, விசனமில்லாமல், கட்டாயமில்லாமல் என்று இருக்கிறது. என் யோசனை: கடன் இருக்கும் வீட்டில் சிறு தொகையில் தொடங்கி, ஒரு வருடம் தவறாமல் கொடுத்துப் பழகி, பிறகு கூட்டுங்கள்.

நான் செய்தது தலைகீழ். ஒரு சிறப்புக் கூட்டத்தில் "விதைத்தால் நூறு மடங்கு அறுப்பாய்" என்றார் வந்தவர். நகையை அடகு வைத்து இருபத்தைந்தாயிரம் போட்டேன். அந்த வருடம் ஆத்தாவுக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் தள்ளிப்போனது. மாற்கு 7-இல், பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் "கொர்பான்" என்று காணிக்கையாக்கிக்கொண்டு அவர்களைக் கைவிடுகிறவர்களை இயேசு என்ன சொல்கிறார் என்று படித்த நாள் இரவு நான் தூங்கவில்லை. நூறு மடங்கு எங்கே என்று கேட்காதீர்கள். வட்டிதான் ஏறியது.

7. வீடு

சபையில் வளர்வது எளிது. எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள். மறுநாள் காலையில் சுவரில் முருகன் படம் மாட்டிய வீட்டில் எழுந்திருக்கிறீர்களே, அங்கேதான் தெரியும்.

பிள்ளையார் சதுர்த்தி அன்று ஆத்தா கொழுக்கட்டைத் தட்டோடு வந்தாள். பிள்ளையார்பட்டி இங்கிருந்து கூப்பிடு தூரம். இந்தப் பக்கத்து வீடுகளில் அந்த நாளின் மதிப்பு உங்களுக்குத் தெரியும். உறவுக்காரர்கள் உட்கார்ந்திருக்க, "பேய்க்குப் படைச்சதை நான் திங்கமாட்டேன்" என்று தட்டைத் தள்ளினேன். ஆத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நான் ஒனக்கு வெஷமாடா வச்சேன்?" அப்புறம் ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை. நான் அதைச் சபையில் "விசுவாசத்தினிமித்தம் வந்த உபத்திரவம்" என்று சாட்சியாகச் சொல்லிக் கைதட்டு வாங்கினேன்.

படைத்ததைச் சாப்பிடலாமா கூடாதா என்பதில் சபைகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. 1 கொரிந்தியர் 8, 10, ரோமர் 14 மூன்றையும் படித்து, போதகரிடம் கேட்டு உங்கள் மனசாட்சிப்படி முடிவு செய்யுங்கள். நான் சொல்ல வருவது மறுக்கும் விதத்தைப் பற்றி. மறுப்பதென்றால் பண்டிகைக்கு முன்பே, தனியாக, தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். பந்தியில் வைத்துச் சொல்லாதீர்கள்.

ஐந்து மாதம் கழித்து ஆத்தாவிடம் போய், "நான் பேசினது தப்பு ஆத்தா" என்றேன். பிறகு, சாமிக்கு வைப்பதற்கு முன்னால் எனக்கு இரண்டு எடுத்து வைத்துவிடேன் என்று கேட்டேன். "சாமிக்கு முன்னாடி எடுத்துவைக்கக் கூடாதுடா" என்றாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவளே சொன்னாள்: "தனியா ஒரு ஈடு அவிச்சுத் தாரேன்." அன்றிலிருந்து எனக்கென்று தனி ஈடு. என்னைவிட அவள் பெரிய மனுஷி என்பதை நான் வேதத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

தகப்பனார் திதிக்கும் பங்காளிகள் சேர்ந்து முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்கும் இதே முறைதான். ஒரு மாதம் முன்பே தம்பியிடம் சொல்லிவிடுவேன்: சடங்கு நீ செய், செலவில் பாதி என்னுடையது, காய்கறி வாங்கி வருவதும் இலை எடுப்பதும் என் வேலை. முதல் வருடம் பேச்சு வந்தது. இரண்டாம் வருடம் குறைந்தது. முழுசாக ஒதுங்கிப் போயிருந்தால், தகப்பனை மதிக்காதவன் என்று சொல்வது நியாயமாகவே இருந்திருக்கும்.

என் மனைவி இன்றும் கோயிலுக்குப் போகிறவள்தான். பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி மலையடிவாரம் வரை பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன். சபையில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. விசுவாசியாத துணையோடு வாழச் சம்மதம் இருந்தால் தள்ளிவிடாதே என்று 1 கொரிந்தியர் 7 சொல்கிறது. வெயிலில் நடக்கவிடு என்று எங்கேயும் சொல்லவில்லை.

8. மைக்கைத் தொடாதீர்கள்

ஆறாம் மாதமே என்னைப் பிரசங்கம் பண்ணச் சொன்னார்கள். மண்டை கனத்தது. கண்காணிப்பு வேலைக்கு "நூதன சீஷன்", அதாவது புதிதாக வந்த சீடன், கூடாது, பெருமையில் விழுவான் என்று 1 தீமோத்தேயு 3 சொல்கிறது. மூன்று வருடத்துக்கு நாற்காலி அடுக்குங்கள், செருப்பை வரிசையாக வையுங்கள், வாகனம் நிறுத்துமிடத்தைப் பாருங்கள். யாராவது மைக்கை நீட்டினால் "இன்னும் படிக்கிறேன் ஐயா" என்று சொல்லுங்கள். வாட்ஸ்ஆப் குரூப்பில் காலை வசனம் அனுப்புவதும் இதில் சேர்த்தி. போதகராக அவசரப்படாதே, நாவை அடக்கு என்று சொல்லும் யாக்கோபு மூன்றாம் அதிகாரத்தைப் படித்துவிட்டு அனுப்பலாமா என்று யோசியுங்கள்.

9. வறண்ட காலம் வரும்

ஒன்றரை வருடத்தில் எனக்கு வந்தது. ஜெபித்தால் கூரையோடு நின்றது. ஏதோ பாவம் என்றார் ஒருவர், உபவாசம் போதாது என்றார் இன்னொருவர். மூன்று நாள் உபவாசம் இருந்து கடையில் மயங்கி விழுந்ததுதான் மிச்சம். சர்க்கரை, அல்சர் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசத்தில் இறங்காதீர்கள்.

எங்கள் ஊருணி சில வருடம் ஐப்பசியில் நிறையும், சில வருடம் தரை தெரியும். தண்ணீர் இல்லாத வருடத்தில்தான் தூர் வாருவார்கள். அந்தக் காலத்தில் செய்ய வேண்டியது சின்ன வேலைகள்: ஞாயிறு தவறாமல் போவது, அந்த ஒரு அதிகாரம், நோட்டில் அந்த இரண்டு வரி. ஜெபிக்க வார்த்தை வராவிட்டால் 13-ஆம் சங்கீதத்தை வாய்விட்டு வாசியுங்கள். "எதுவரைக்கும்" என்று முதல் இரண்டு வசனத்தில் நாலு தடவை கேட்கிறது. கர்த்தரிடம் அப்படிக் கேட்கலாம் என்று தெரிந்ததே எனக்குப் பெரிய ஆறுதல். மாதக்கணக்கில் தூக்கமில்லை, சாப்பாடில்லை, சாகத் தோன்றுகிறது என்றால் அது வேறு விஷயம். மனநல மருத்துவரைப் பாருங்கள், ஜெபமும் பண்ணுங்கள். மாத்திரை சாப்பிடுவது விசுவாசக் குறைவு என்று சொல்கிறவரிடமிருந்து தள்ளி நில்லுங்கள்.

எனக்கு எட்டு மாதம் நீடித்தது. எப்படிப் போனது என்று சொல்லத் தெரியவில்லை.

10. மார்ச் 31-இல் ஐந்தொகை

கடையில் கணக்கு முடிக்கும் நாள் என்பதால் எனக்கு இந்தத் தேதி வசதி. உங்களுக்கு ஞானஸ்நானம் எடுத்த நாள் ஒத்துவரலாம். அன்று மூன்று பேரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "போன வருஷத்துக்கு இந்த வருஷம் என்கிட்ட என்ன மாறியிருக்கு?" ஒருவர் வீட்டு ஆள், ஒருவர் வேலையிடத்தில் உங்களுக்குக் கீழே இருப்பவர், ஒருவர் உங்கள் விசுவாசத்தில் இல்லாதவர். சபையாரைக் கேட்காதீர்கள், நல்லதையே சொல்வார்கள். பதிலுக்கு விளக்கம் கொடுக்காதீர்கள். சொன்னதை அப்படியே நோட்டில் எழுதித் தேதி போடுங்கள்.

இந்த முறை முதலாளியைக் கேட்டேன். "வாடகைச் சீட்டை நீயே எழுதுறேல்ல, அப்புறம் என்ன?" என்றார். கடைப் பையன், "அண்ணே, இப்பல்லாம் திட்டிட்டு அரை மணி நேரத்துல வந்து பேசிடுறீங்க, முன்னாடி ரெண்டு நாளாகும்" என்றான். மனைவி அரிசி களைந்துகொண்டே சொன்னாள்: "கத்துறது கொறஞ்சிருக்கு. முணுமுணுக்கிறது கூடியிருக்கு."

இந்த வருட நோட்டில் அதுதான் முதல் வரி, பற்றுப் பக்கத்தில்.